வளைகாப்பன்று கழற்றிய பட்டை

செண்பகத்தின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டிவிட்ட கறுப்புப் பட்டை, அவள் ரத்த அழுத்தம் ஏறினால் தானே ஆம்புலன்ஸை அழைத்துவிடும்.

“வளைகாப்புக்குக் கறுப்பு ஆகாது, கழட்டு,” என்றாள் மாமியார் பாக்கியம்.

“கழட்டுனா கத்தும்மா,” என்றாள் பாக்கியத்தின் மகள் வினோதினி.

“அப்ப நீ மாட்டிக்கோ. அதுக்கு யாரு கையின்னா தெரியப்போகுது?”

வினோதினி மாட்டிக்கொண்டாள். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. செண்பகத்தின் வீங்கிய கைகளில் சோப்பு தடவி வளையல்களை ஏற்றினார்கள்.

“வினோ, தலை பிளக்குது. கண்ணுல மின்னல் மின்னலா அடிக்குது,” என்றாள் செண்பகம்.

“புள்ளத்தாச்சி மூஞ்சி எப்படிப் பூரிச்சிருக்கு பாருங்க!” என்று பாக்கியம் வந்தவர்களிடம் பெருமைப்பட்டாள்.

சந்தனம் பூசும்போது செண்பகம் விறைத்துச் சரிந்தாள். வாயில் நுரை தள்ள, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

வினோதினி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அலறினாள். “மதினிக்கு இழுக்குது, வண்டி அனுப்புங்க!”

“செண்பகத்தின் அழுத்தம் சீராக உள்ளது,” என்றது இயந்திரக் குரல்.

“பட்டை என் கையில இருக்கு!”

“பட்டை அவர் கையில் இருந்து அழைத்தால்தான் வண்டி வரும்.”

வினோதினி பட்டையைக் கழற்றிக்கொண்டு மதினியிடம் ஓடினாள். முழங்கை வரை வளையல். பட்டை கட்ட இடமில்லை. உடைக்கக் குத்துவிளக்கைத் தூக்கினாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடைக்காதடி! இன்னைக்கு வளையல் உடைஞ்சா என் பேரனுக்கு ஆகாது.”