முதல் மாடல்

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே கண்ணாடி பறந்துபோய் மெஷினின் டயருக்கடியில் விழுந்தது. இரண்டாவது அறைக்கு உதடு கிழிந்தது. வந்தவர் கீழே விழாமல் நின்றதற்கு ஒரே காரணம், சின்னவர் அவருடைய சட்டைக் காலரை விடாததுதான்.

"யாரைப் பார்த்துடா ஃபிராடுன்னு சொல்ற?"

"அந்த வார்த்தையை நான் சொல்லலைங்க." வந்தவர் ரத்தத்தைத் துப்பினார். "இது முதல் மாடல் இல்லைன்னுதான் சொன்னேன். அதுக்கடுத்து வந்தது. கொக்கியைக் கழட்டிட்டுப் பழசு மாதிரி காட்டுறீங்க."

சின்னவரின் கை மறுபடி ஓங்கியது.

"தம்பி." ஷெட் வாசலிலிருந்து அண்ணியின் குரல். கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தாள். "விலை பேச வந்தவரைக் கொன்னுட்டா யாருகிட்ட விக்கிறது?"

நியாயம்தான். சின்னவர் காலரை விட்டார்.

இந்த அறுவடை மெஷினை விற்றுத் தொலைக்க அவர் படாத பாடு இல்லை. பாதி அண்ணன் பங்கு; அண்ணன் செத்தபின் அது அண்ணி பங்கு. அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்று கல்லாக உட்கார்ந்திருந்தாள். திடீரென்று போன வாரம் மனசு இறங்கி, பழைய மெஷின்களைத் தேடி அலையும் இந்தக் கிறுக்கனையும் அவளே கண்டுபிடித்து வரவழைத்துவிட்டாள்.

முதல் மாடல் என்றால் கேட்ட விலை. இல்லையென்றால் காயலான் கடைதான். வெளியே லாரி தயாராக நின்றது. பொழுது சாய்வதற்குள் இந்தப் பீடை ஷெட்டை விட்டுப் போயாக வேண்டும்.

"நம்பர் தகடு இல்ல. அச்சுல அடிச்ச நம்பர் துரு தின்னுருக்கு," வந்தவர் கண்ணாடியைத் துழாவி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் விரிசல். "போதாக்குறைக்கு ஆளை முழுங்குன மெஷின்னு வேற சொல்றாங்க."

"அதுக்கு மெஷின் என்னய்யா பண்ணும்? வைக்கோல் அடைச்சிருக்கு. அண்ணன் கதிரடிக்கிற ட்ரம் ஓடுறப்பவே கையை விட்டுட்டார். தனியாத்தான் இருந்தார், சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. நான் டவுன்லேருந்து வந்து பார்க்கிறப்ப தோள் வரைக்கும் உள்ள போயிருச்சு. அப்பவும் ட்ரம் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு." சின்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதை எதுக்கு இப்ப? கொக்கி கொக்கின்னியே, எங்க இருந்துச்சு, காட்டு."

வந்தவர் தயங்கித் தயங்கி டிரைவர் மேடையில் ஏறினார். சின்னவரும் பின்னாலேயே ஏறினார். அதுவரை அண்ணன் தம்பி இருவரைத் தவிர வேறு யார் காலும் பட்டிராத மேடை அது.

"இந்தப் பெடல்ல. ஒரு தடவை மிதிச்சா கொக்கி கவ்விக்கும். டிரைவர் இறங்கிப் போனாலும் ட்ரம் பாட்டுக்கு ஓடும். ரெண்டாவது மாடல்லதான் அது வந்துச்சு."

சின்னவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். வந்தவர் பின்வாங்க இடமில்லை. கத்தி அவர் விலாவை உரசிக்கொண்டு போய்ப் பெடல் தண்டின்மீது இறங்கியது. பெயின்ட் செதில் செதிலாக உதிர, பச்சைக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் வெறும் இரும்பு.

"கொக்கி மாட்டணும்னா ஓட்டை போடணுமில்ல? உன் நாலு கண்ணையும் வச்சுத் தேடு. எங்கடா ஓட்டை?"

"வெல்டிங் வச்சு அடைச்சிருக்கலாம்."

சின்னவர் விட்ட உதையில் வந்தவர் மேடையிலிருந்து உருண்டு, பக்கக் கதவு திறந்து கிடந்த ட்ரம்முக்கு நேர் முன்னால் போய் விழுந்தார். எழுவதற்குள் இன்ஜின் உறுமியது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"எந்திரி. அங்கேயே நில்லு. நகர்ந்தே, கையை ஒடிச்சுடுவேன்."

சின்னவர் பெடலை மிதித்தார். ட்ரம்மின் இரும்புப் பற்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன.

"அந்தக் கட்டையை எடுத்து உள்ள விடு."

வந்தவர் விட்டார். கட்டையை யாரோ பறித்த மாதிரி இருந்தது. சிம்புகள் தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தன. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் கையும் கூடவே போயிருக்கும்.

சின்னவர் காலை எடுத்தார். பிரேக் பிடித்ததுபோல ட்ரம் நின்றது. மிதித்தார், சுழன்றது. எடுத்தார், நின்றது.

"பாத்தியா? காலை எடுத்தா ட்ரம் பொணம். கொக்கியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. மேல ஒருத்தன் நின்னு மிதிச்சுக்கிட்டே இருக்கணும். அப்படி மிதிச்சு மிதிச்சுத்தான் என் முழங்காலே போச்சு. இப்ப சொல்லு, இது எந்த மாடல்?"

இன்ஜினை அணைத்தார். ஷெட் திடீரென்று அமைதியானது.

வந்தவர் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் பதில் சொன்னது சின்னவருக்கல்ல, வாசல் பக்கம் திரும்பி.

"முதல் மாடலேதான், அக்கா. சந்தேகமே இல்ல."

மேடைமேல் சின்னவர் ஜெயித்துவிட்ட சிரிப்போடு நின்றார். அண்ணி ஜக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ட்ரம்மைப் பார்த்தாள். பெடலின் பக்கத்தில் இருந்த காலைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு மிதிச்சது யாரு, தம்பி?"