பதிமூன்றாவது செவ்வாய்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் வேலையை விட்டு மூன்று மாதமாகியும் வளன் மனைவி ஆனியிடம் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புவான். போட் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகிவிட்டு, டீசல் வாசம் போகக் கை கழுவித் திரும்புவான்.

ஆனியோ அவனுக்காகப் பதிமூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டு, செருப்பில்லாமல் அந்தோணியார் கோயிலுக்கு நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை.

கடைசி வாரம் அவனையும் கூட்டிப் போனாள்.

"எனக்கு புரமோஷன் கேக்கியா, ஏளா?"

"இப்ப வாசிப்பாங்க, கேளுங்க."

உபதேசியார் பெட்டியிலிருந்து ஆனியின் மன்றாட்டுச் சீட்டை எடுத்து வாசித்தார்.

"தூக்கத்திலும் கண்டெய்னர் நம்பர் சொல்லிப் புலம்பும் என் கணவர், எங்களை நினைத்துப் பயப்படாமல் அந்த வேலையை விட்டுவிட வரம் தாரும்."

வளன் தலை குனிந்தான்.

"பதிமூணு வாரமும் இதத்தான் எழுதிப் போட்டேன்." ஆனி கண்ணைத் துடைத்தாள். "அந்தோணியார் கேக்கவே இல்லங்க."

தார்ச்சூட்டில் கொப்பளித்த அவள் பாதங்களையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏளா... மொத வாரமே கேட்டுட்டாரு."