துண்டுக்குள் கை

ராஜகிரிக்குத் தெற்கே நீளும் பாறை முகட்டில் மழை குறுக்காக அடிக்கிறது. மூன்று சிநேகிதர்கள் ஏறத் தொடங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மலை அரை நாழிகையில் பேச்சை மாற்றிவிட்டது. கீழே செட்டிகுளம் மின்னலுக்கு ஈயத்தட்டாய்த் தெரிந்து மறைகிறது. மூவரில் பாவாடை என்பவன் வழுக்கி விழுந்து, கால் முறிந்து சரிவின் விளிம்பில் தொங்குகிறான். மேலே குப்புறப் படுத்து ஆரோக்கியநாதன் அவன் கையைப் பற்றியிருக்கிறான். ஈரத்தில் பிடி நழுவாதிருக்க தன் கையையும் அவன் கையையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருக்கிறான். பால்சாமி கயிறு கொண்டுவர இறங்கி ஓடியிருக்கிறான். தொங்குகிறவனும் பிடித்திருப்பவனும் அவலூர்பேட்டைச் சந்தையின் மாட்டுத் தரகர்கள். துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசிப் பழகியவர்கள். "வுட்டுடுடா ஆரோக்கியம். நீயும் சரிஞ்சிகினு வர்ற" என்கிறான் பாவாடை. "துண்டுக்குள்ள கை இருக்கச்சொல்ல வாயத் தொறக்கலாமா? இன்னா தரகன்டா நீ!" பாவாடை சிரிக்கப் பார்க்கிறான், குளிரில் பல் கிட்டுகிறது. இடி பாறையை உலுக்குகிறது. துண்டுக்குள் பாவாடையின் விரல்கள் ஒவ்வொன்றாய் விரிகின்றன. கட்டுப்படியாகாது, கையை எடுத்துக்கொள் என்பதற்குச் சந்தையில் அதுதான் அடையாளம். ஆரோக்கியநாதனின் முழங்கையில் தோல் உரிந்து மழைநீர் சிவப்பாய் ஓடுகிறது. அவன் அந்த ஐந்து விரல்களையும் ஒருசேரப் பற்றி அமுக்குகிறான்: நீ எது கேட்டாலும் கொடுத்தேன். பிறகு பாவாடையின் சுண்டுவிரல் மடிகிறது. மற்ற விரல்களும் மடிந்து அவன் கையைப் பற்றுகின்றன. பேரம் படிந்தால் சந்தையில் துண்டை உதறித் தோளில் போடுவார்கள். இங்கே படிந்த பிறகுதான் துண்டு இன்னும் இறுகுகிறது.