பூட்ட மறுத்த கார்

நண்பகல் வெயிலில் நின்ற காரின் கதவைச் சாத்திவிட்டு மணிவண்ணன் ரிமோட்டை அழுத்தினான். பூட்டு விழவில்லை. 'உள்ளே ஆள்' என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே உடல் சூடு தெரிந்தால் கதவைப் பூட்டவிடாத அகச்சிவப்பு சென்சார் அது. செவிலிமேட்டில் இருந்த அந்தச் சிறிய கம்பெனியில் எஸ்தர் இரண்டு வருடம் உழைத்து வடிவமைத்தது. மறுநாள் கார் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

"வெயில்ல சீட்டு காஞ்சிருக்குது மேடம். அதான் ஆளுன்னு நினைச்சுக்குது" என்றான், போன வாரம் வேலைக்குச் சேர்ந்த மணிவண்ணன்.

காரை ஷெட்டுக்குள் தள்ளி ஆறவிட்டார்கள். புது சென்சார் மாட்டினார்கள். அப்போதும் பூட்டவில்லை.

மணிவண்ணன் லேப்டாப்பில் சென்சாரின் வெப்பப் படத்தைத் திறந்தான். கார் முழுக்க நீலம். பின் சீட்டில் மட்டும் ஒரு சிவப்பு உருவம், சுருண்டு படுத்த மாதிரி.

"மூணடி கூட இருக்காது மேடம். ஆனா சீட்டுல ஒண்ணுமே இல்லியே! யாரு காரு இது?"

"என்னுதுதான்பா. மூணு வருஷமா எடுக்கல. டெஸ்டுக்குன்னு இன்னிக்குத்தான் எடுத்தாந்தேன்." எஸ்தரின் குரல் இறங்கியது. "அன்னிக்குப் பாப்பா பின்னாடி தூங்கிக்கினு இருந்தா. மறந்துட்டு, பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்துதான் பாத்தேன்."

எஸ்தர் பின் கதவை அகலத் திறந்தாள். "அம்மா வந்துட்டேன் திரிஷா. எறங்கு கண்ணு."

திரையில் அந்த உருவம் எழுந்து உட்கார்ந்தது. மெல்ல நகர்ந்து, கதவைத் தாண்டி மறைந்தது.

மணிவண்ணன் கதவைச் சாத்தி ரிமோட்டை அழுத்தினான். பூட்டு விழுந்தது. எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையின் நடைக்கு ஏற்றபடி, மெதுவாக, கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.