ராக்கெட்டின் எடை

"அது நாயே இல்ல. நாலு கால் முளைச்ச எலும்புக்கூடு!"

தையல்காரம்மா சொன்னதும், கீழ்த்தளத்தில் கூடியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நான் பொழுது விடிஞ்சா அளவு எடுக்கிறவ. என் கண்ணே அளவு நாடா. அரை அங்குலம் குறைஞ்சாலும் சொல்லிடுவேன். அந்த நாய்க்கு விலா எலும்பை எண்ணிடலாம்."

"எண்ணிட்டீங்களா?" என்றார் குடியிருப்பின் செயலாளர்.

"ஒரு பக்கம் எண்ணிட்டேன். மறுபக்கம் எண்ணுறதுக்குள்ள திரும்பிப் படுத்துக்கிச்சு."

இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கும் நெட்டை சாரின் கிரேஹவுண்ட் அது. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற நாய். பெயர் ராக்கெட். பெயருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாள் முழுக்க சோபாவில் நீட்டிப் படுத்துத் தூங்கும். சார் தரையில் உட்கார்ந்திருப்பார். தெருவில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் மட்டும் பழைய ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கு அது இழுக்கிற இழுப்பில் சாரின் முழங்கால் தேயும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ராக்கெட்டின் கழுத்தில் சார் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்: 'தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.'

"தானும் போட மாட்டார், போடுறவங்களையும் விட மாட்டார்" என்றாள் தையல்காரம்மா. அவள் கொடுத்த வெண்ணெய் பிஸ்கட்டால் ராக்கெட்டுக்கு மூன்று நாள் வயிற்றால் போனது அவளுக்குத் தெரியாது. சார் சொல்லவில்லை.

பிராணிகள் நலத்துறைக்கு மனு போனது. பதினான்கு பேர் கையெழுத்து. டாக்டரம்மா இன்று வந்துவிட்டார்.

"சார்! நாயைக் கூட்டிட்டு வாங்க!" என்று செயலாளர் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

வர நேரமாயிற்று. ராக்கெட்டுக்குப் படிக்கட்டு என்றால் நடுக்கம். பந்தய மைதானத்தில் படி ஏது? சார் ஒவ்வொரு படியிலும் குனிந்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். நடுவில் இரண்டு முறை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"கல்யாணப் பொண்ணு தோத்துடும்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

டாக்டரம்மா ராக்கெட்டின் பல், கண், காது எல்லாம் பார்த்தார். முதுகைத் தடவினார்.

"இந்த இனத்துக்கு விலா எலும்பு தெரியணும். தெரியலைன்னாதான் நான் சத்தம் போடுவேன்."

தையல்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆனாலும் புகார்னு வந்தாச்சு. எடை பார்த்துடறேன். குறைவா இருந்தா நான் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும் சார்."

சாரின் கை நாயின் கழுத்துப் பட்டையை இறுகப் பிடித்தது.

"கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"எடை குறைவா இருந்தா."

எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தார்கள். ராக்கெட் அதை முகர்ந்து பார்த்தது. பின்வாங்கியது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கத் தயாரானது.

"இது ஏறாது" என்றார் டாக்டரம்மா. "நீங்க நாயைத் தூக்கிட்டு ஏறி நில்லுங்க. அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க. கழிச்சா நாயோட எடை வந்துடும்."

சார் தூக்கினார். இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது. ராக்கெட்டின் நீண்ட கால்கள் நாலா பக்கமும் தொங்கின.

செயலாளர் குனிந்து எண்ணைப் படித்தார். "எண்பது!"

சார் நாயை இறக்கிவிட்டு, மறுபடி ஏறி நின்றார்.

"நாப்பத்தொன்பது!"

டாக்டரம்மா காகிதத்தில் குறித்துக்கொண்டார். கழித்துப் பார்க்கும் முன்பே செயலாளர் வாய் முந்திவிட்டது.

"முப்பத்தொண்ணு! சரியா டாக்டர்?"

"கச்சிதமான எடை. ஒரு கிலோ கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நல்லா வளர்த்திருக்கீங்க சார்."

சார் இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து ராக்கெட்டின் காதைத் தடவினார். கூட்டம் கலையத் தொடங்கியது.

"சரி, வேலையைப் பார்ப்போம்" என்றார் செயலாளர்.

டாக்டரம்மா மட்டும் பேனாவை மூடவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க உயரம் என்ன?"

"ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி. ஏன்?"

"நாப்பத்தொன்பது கிலோ இருக்கீங்க."

கலைந்தவர்கள் நின்றார்கள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

ராக்கெட் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

"நான் வேலை பார்த்த கிடங்கை மூடி எட்டு மாசம் ஆச்சு டாக்டர். இவனைத் தத்து எடுக்கும்போதே எழுதி வாங்கிட்டாங்க. எடை குறைஞ்சா திருப்பிக் கொடுத்துடணும்னு." கொஞ்சம் சிரித்தார். "இவன் இளைச்சா யாராவது வந்து கேட்பாங்க. நான் இளைச்சா யார் வந்து கேட்கப் போறாங்க?"

செயலாளர் கையிலிருந்த மனுவை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

தையல்காரம்மாவின் கை, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மெல்ல இழுத்துச் சுருட்டியது.

இந்த எட்டு மாதத்தில் மூன்று முறை சாரின் பேண்ட்டை வாங்கி, இடுப்பை அளந்து, பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான்.