அறை மாற்றம்

"இதுக்குப் பேரு அஞ்சு நட்சத்திரமா? இந்தக் கிழட்டுக் கப்பலுக்கு ஒண்ணே அதிகம்! ஜன்னல் எங்கய்யா? வேற அறை குடு!"

சவுதாம்ப்டன் துறைமுகத்தில் ஏறியதிலிருந்து கிளைவ் இப்படித்தான். அறையைக் கூட்டித் துடைக்கிறவன் நான். என்னிடம் கத்தி என்ன பயன்?

அவர் மனைவி கிளெனிஸ் கெஞ்சினார். "விடுங்க கிளைவ். நாளைக்கு நம்ம கல்யாண நாள். ஒரே ஒரு பாட்டுக்கு என்கூட ஆடுங்க, போதும்."

"இந்த ஓட்டைக் கப்பல்லயா? நீயும் ஆடக் கூடாது. வாய மூடு!"

கத்திக் கத்தி முகம் பீட்ரூட்டாகி, புகார் சொல்ல வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

மறுநாள் மாலை அவர்கள் அறையைக் கூட்டப் போனேன். கிளெனிஸ் சிவப்புக் கவுன் அணிந்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். கட்டிலில் ஒரு பக்கம் மட்டுமே கசங்கியிருந்தது.

"ஐயா எங்கே மேடம்?"

"வேற அறை கிடைச்சிடுச்சுப்பா. அடித்தளத்துல. இதைவிடச் சின்னது. ஜன்னல் இல்ல, பயங்கரக் குளிர். ஆனா மனுஷன் வாயே திறக்கல."

அடித்தளத்தில் பயணிகளுக்கு அறையே கிடையாது. இறைச்சிக் கிடங்கை ஒட்டி, பயணத்தில் இறந்தவர்களை வைக்கும் இரும்பு இழுப்பறைகள்தான் உண்டு.

"அடுத்த துறைமுகத்துல இறக்கிடலாமான்னு கேட்டாங்க. நானும் கூட இறங்கணுமே! இன்னிக்கு நடனமாச்சே, கப்பல் ஊர் திரும்பட்டும்னுட்டேன்" என்றவர் முதுகைத் திருப்பினார். "இந்த ஜிப்பைக் கொஞ்சம் ஏத்திவிடு."