தியாகி முருகையன் நினைவு நாள்

"முருகையன் குண்டடிபட்டுச் சாவல, தம்பி. பயந்துபோயி கப்பலேறிட்டான்."

தொண்ணூறை நெருங்கும் க்சாவியே என்ற பெரியவர் இப்படிச் சொன்னதும் விழாக்குழுத் தலைவர் இராமதாஸ் கொதித்துப்போனார்.

"பிரெஞ்சு பென்ஷன் வாங்கறவரு வேற எப்படிப் பேசுவீங்க? இந்தத் தெருவுக்கே அவர் பேருதான் பெரியவரே!"

"ஒருவேளை அவன் உசுரோட திரும்பி வந்தா?"

"வெள்ளக்காரனுக்குப் பயந்து ஓடினவனா? ஊர் எல்லை கோரிமேட்டுக்கு அந்தாண்ட தொரத்திடுவோம். பேசாம பூவப் போட்டுட்டுக் கெளம்புங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

க்சாவியே பூவை அள்ளினார். மாலை போட்ட படத்தில் பதினேழு வயதுப் பையன். கப்பலில் பேரை மாற்றிக்கொண்டபோது விட்டுவிட்டுப் போன தன் முகத்தின் மேல் பூவைத் தூவிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

அவரை 'முருகையா' என்று கூப்பிட ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை.